கூந்தன்குளத்தில் ஒரு நாரைக் குடும்பமும் நானூறு ரூபாய் ஆட்டோவும்

திருநெல்வேலி மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளம் ஊருக்குப் போய்வந்து இரண்டு நாள் ஆகிறது. மூலைக்கரைப்பட்டியிலிருந்து சரணாலயத்தில் கொண்டுவிட 400 ரூபாய் வாங்கிய ஆட்டோக்காரர் மீதான எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து நாங்கள் மூவரும் பேருந்தில் வந்ததற்கு அதில் பாதிகூட ஆகவில்லை. பேரம் பேச வாயெடுத்ததுமே, "திரும்பி வர ஆள் கெடைக்காது சார், வெறும் வண்டியத்தான் ஓட்டிட்டு வரணும்" என்றார். பங்குனி வெயிலில் ஏழு வயது மகனை நிறுத்திவைத்துக்கொண்டு வாதாடத் தெம்பில்லாமல் ஏறிக்கொண்டோம்.

பேருந்து நேரம், தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, பின்னர் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற குளம் இது என்றாலும், பறவைகளைக் காணக் குளத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக் கொல்லை மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருக்கின்றன. எச்ச நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. குளத்து நீரில் கலக்கும் அந்த எச்சந்தான் வயலுக்கு உரம் என்பதால் ஊரார் முகம் சுளிப்பதில்லை. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை.

ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். அந்த வீட்டுப் பாட்டி கொடுத்த, பெருங்காயம் மணக்கும் நீர்மோருக்கு ஈடாக இந்தப் பயணத்தில் வேறெதையும் சொல்ல மாட்டேன். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார்.

எதிர் மரத்துக் கூட்டில் மூன்று நாரைக் குஞ்சுகள் இருந்தன. உச்சி வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ, ஒன்று சிறகுகளை அகல விரித்துக் குஞ்சுகளின் மேல் நிழல் விழும்படி நின்றுகொண்டது. இரண்டும் மாறி மாறித்தான் காவல் இருக்கும் என்பதால் எது எதுவென்று எங்களால் சொல்ல முடியவில்லை. என் மனைவி மட்டும் "நிச்சயமாக அம்மாதான்" என்று அடித்துச் சொன்னாள். இரை தேடப் போன இணை திரும்பி வந்ததும் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அது யாருக்கும் ஊட்டவில்லை. விழுங்கி வந்த மீன்களைக் கூட்டின் தரையில் கக்கிவிட்டு ஒதுங்கி நின்றது. குஞ்சுகள் தாமாகவே பொறுக்கித் தின்றன. மகனுக்கு இன்றும் சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டிருக்கும் எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் நாரையிடம் எல்லாப் பாடத்தையும் கற்றுவிட முடியாது. முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. முதலில் பொரிந்தது பெரிதாக வளர்ந்து முந்திக்கொள்ளும், கடைக்குட்டி பல வேளைகளில் பட்டினிதான். நாங்கள் பார்த்த கூட்டிலும் சிறியது மற்ற இரண்டின் முதுகுக்குப் பின்னாலேயே கழுத்தை நீட்டி நீட்டிச் சலித்தது. பெற்றோர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. தாய்ப்பாசத்துக்குப் பறவைகளை உதாரணம் காட்டுபவர்கள் இந்தக் காட்சியை வசதியாக விட்டுவிடுகிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சைத் தேடியும் தாய் கீழே வருவதில்லை. அதை எடுத்து வைத்து மீன் கொடுத்துக் காப்பாற்றுவது இந்த ஊர் மனிதர்கள்தாம்.

"அந்தக் குட்டிக்கு யாருப்பா குடுப்பா?" என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். பதில் சொல்லாமல் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து அவன் கையிலேயே கொடுத்தேன். பாதி திண்ணையில் சிந்தியது. பாட்டி விளக்குமாறை எடுத்து வந்தார். திரும்பும்போது ஆட்டோ வேண்டாமென்று முடிவு செய்து, பேருந்துக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.