மாடிக் கம்பம், மூன்றாவது மாதம்: சாயங்காலக் காற்றுதான் வில்லன்

குளச்சல் பக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், காற்றின் வேகத்தை அளக்க 6 மீட்டர் ஜி.ஐ. பைப் ஒன்று நட்டிருக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்து போனபோது ரப்பரும் வாழையும் கிடந்த கிடப்பைப் பார்த்தவன், அதனால் கணக்கு முழுக்கப் புயலுக்கே போட்டேன். காற்று வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று வைத்தால் 1,500. 48 மில்லிமீட்டர் பைப், உருளை வடிவத்துக்கு 1.2 மடங்கு, ஆக மொத்தம் கிட்டத்தட்ட 53 கிலோ பக்கவாட்டில் தள்ளும். நடுவிலும் உச்சியிலும் மூன்று பக்கம் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினேன். ஆடிக் காற்றில் அசையவே இல்லை, எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் அம்மா, "மக்கா, சாயங்காலமானா மாடியில யாரோ நடக்கான்லா" என்றார். போய்ப் பார்த்தால் இதமான கடல்காற்றில் கம்பம் கிடுகிடுவென நடுங்குகிறது, அதுவும் காற்று வரும் திசையில் இல்லை, அதற்குக் குறுக்கே! ஒரு நட் பாதி கழன்றே விட்டது.

உருண்டையான எதையும் காற்று கடக்கும்போது இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கள் பிரிந்து, அதைப் பக்கவாட்டில் இழுக்கும்; இந்தத் தாளம் கம்பம் இயல்பாக ஆடும் தாளத்தோடு ஒத்துப்போனால்தான் நடுக்கம். காற்று வேகத்தைப் பைப்பின் விட்டத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை ஜோடிச் சுழல் என்று தெரியும். போனில் ஸ்லோமோஷன் எடுத்து எண்ணினேன், நொடிக்கு 14 ஆட்டம். திருப்பிக் கணக்குப் போட்டால் மணிக்கு 12 கிலோமீட்டர் காற்று, எங்கள் ஊர் சாயங்காலக் காற்றேதான்.

ஆலைப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகுச்சுற்றாகத் தகடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், சுழல்கள் ஒன்றுசேர்ந்து தள்ளாமல் கலைத்து விடுவதுதான் அதன் வேலை. சரி, நாமும் கயிறு சுற்றுவோம் என்று நைலான் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன், பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுகிற மாதிரி. ஒரு பிரயோஜனமும் இல்லை, பைப் கொஞ்சம் தடித்ததுதான் மிச்சம். அவிழ்த்துவிட்டு 5 மில்லிமீட்டர் கயிறு மூன்றை இடைவெளி விட்டு, 25 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று வருகிற மாதிரி மேல்பாதியில் மட்டும் சுற்றினேன். அன்று சாயங்காலமே அடங்கிவிட்டது.

ஆனால் கயிறு சுற்றிய இடத்தில் புயல்காற்றுக்குக் கூடுதல் பிடி கிடைக்கும், அதனால் தரை போல்ட்டுகளைத் தடிமனானதாக மாற்றியாயிற்று.

இப்போது புதுப் பிரச்சினை: அம்மா ஸ்டே கம்பியில் சேலை காயப்போடுகிறார். மடித்துப் போட்ட சேலை மூன்று சதுர மீட்டர், முழுக் கம்பத்தின் முகப்பே 0.3 சதுர மீட்டர்கூட வராது.