பழைய பெரிய டிஷ் வாங்கும்போது எதை அளக்க வேண்டும்

செயற்கைக்கோள் சிக்னல் பிடிக்கும் 8 அடி, 10 அடி டிஷ்களை "எடுத்துக்கிட்டுப் போனா போதும்" என்று சும்மாவே கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெரிய டிஷ் வைத்து இலவசச் சேனல்களைப் பிடிக்கும் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவருக்கு இது நல்ல வாய்ப்புதான். ஆனால் மொத்தச் செலவில் டிஷ்ஷின் விலை சிறு பங்குதான். கழற்றுவது, ஏற்றி வருவது, குழாய், கான்கிரீட், புது நட்டு போல்ட் என்று பணம் போவது வேறு இடங்களில். கோணலான டிஷ் இலவசமாகக் கிடைத்தாலும் இந்தச் செலவு ஒன்றும் குறையாது. பழைய டிஷ்ஷில் உருப்படியாக நமக்குக் கிடைப்பவை இரண்டுதான்: பரப்பின் வடிவம், அதைத் தாங்கும் மவுண்ட். எல்என்பி (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிப் பெருக்கி கேபிளில் அனுப்பும் பெட்டி), கேபிள், ரிசீவர் மூன்றையும் எப்படியும் புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள். "ரிசீவரும் சேர்த்துத் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால், அதற்காக ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கொடுக்க வேண்டாம்.

எதற்கு வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலானோர் 3.4 முதல் 4.2 ஜிகாஹெர்ட்ஸ் வரையுள்ள சி பேண்டுக்காகத்தான் பெரிய டிஷ் தேடுகிறார்கள். 6 அடியிலிருந்து 8 அடிக்குப் போனால் சிக்னல் பலத்தில் சுமார் 2.5 டெசிபெல் லாபம். 8-லிருந்து 10-க்குப் போனால் இன்னொரு 2 டெசிபெல். பலர் மறந்துவிடுவது கற்றையின் அகலத்தை, அதாவது டிஷ் ஒரே நேரத்தில் பார்க்கும் வானத்தின் அகலத்தை. 4 ஜிகாஹெர்ட்ஸில் 6 அடி டிஷ்ஷின் கற்றை ஏறக்குறைய 2.9 டிகிரி, 8 அடிக்கு 2.2, 10 அடிக்கு 1.7. வானில் செயற்கைக்கோள்கள் 2, 3 டிகிரி இடைவெளியில் நிற்கும் இடங்களில் 6 அடி டிஷ் பக்கத்துச் செயற்கைக்கோளையும் சேர்த்து இழுத்துவிடும். அப்போது சிக்னல் பலமாக இருந்தும் படம் வராது. 10 அடிக்குப் போனாலோ, காற்றை வாங்கும் பரப்பு 8 அடியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். முதல் டிஷ் 8 அடியாக இருக்கட்டும் என்பதே என் கட்சி.

டிஷ்ஷைப் பார்க்கப் போகும் முன் உங்கள் இடத்தைப் பாருங்கள். செயற்கைக்கோள் வரிசை உங்கள் வானத்தில் எந்த உயரத்தில் வளைந்து போகிறது, நடுவில் மரமோ கட்டடமோ நிற்கிறதா என்பதைப் போன் செயலியிலேயே பார்த்துவிடலாம். இரும்புக்குப் பக்கத்தில் போனின் திசைகாட்டி பொய் சொல்லும். தள்ளி நின்று பாருங்கள். உங்கள் வானத்தில் என்னென்ன சேனல்கள் இலவசமாக வருகின்றன என்பது லிங்சாட் என்ற இணையதளத்தின் பட்டியலில் தெரியும். அடுத்தது 5ஜி. 3.3 முதல் 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் பெரும்பகுதியைப் பல நாடுகள் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டன. பக்கத்தில் கோபுரம் இருந்தால், அந்த அலைவரிசை மட்டும் கெடுவதோடு நிற்காது. எல்என்பியே திணறிப்போய் மேல் பகுதிச் சேனல்களும் விழுந்துவிடும். இதற்கான வடிகட்டியை எல்என்பிக்கு முன்னால்தான் பொருத்த வேண்டும். ஃபீட் ஹார்னும் (குவிந்த அலையை வாங்கும் வாய், சுருக்கமாக ஃபீட்) எல்என்பியும் ஒரே துண்டாக வரும் மலிவு மாடல்களில் அதற்கு இடமில்லை. வடிகட்டி உள்ளேயே இருக்கும் எல்என்பியாகத் தேடி வாங்க வேண்டியிருக்கும்.

இப்போது டிஷ்ஷுக்கு வருவோம். பெரும்பாலும் மூன்று வகை கண்ணில் படும். அலுமினிய மெஷ் டிஷ் எடை குறைவு, துண்டு துண்டாகக் கழலும், சி பேண்டுக்குப் போதும். துளையின் அகலம் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கேயூ பேண்டும் (12 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை) வேண்டுமானால் 2 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கமான துளை தேவை. மெஷ்ஷை விலா எலும்புகளோடு பிடித்திருக்கும் கிளிப்புகளையும் திருகுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அங்கேதான் முதலில் விட்டுப்போகும். தகட்டு டிஷ் கனமானது. இரும்பாக இருந்தால் இதழ்கள் (டிஷ்ஷாகச் சேரும் துண்டுகள்) ஒன்றோடொன்று மடியும் விளிம்புகளில் துரு பிடித்திருக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருந்தாலும் அந்த மடிப்பைச் சுரண்டிப் பாருங்கள். மூன்றாவது ஃபைபர் டிஷ். தொழில்முறை வேலைக்குச் செய்யப்பட்டது என்றால் பரப்பு மிகத் துல்லியமாக இருக்கும், கேயூ பேண்டுக்கும் ஒத்துவரும். அலையைத் திருப்புவது உள்ளே பதித்த உலோக வலையோ உலோகப் பூச்சோதான். விளிம்பில் அடுக்கு பிரிந்து நீர் இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். விரலால் தட்டிக்கொண்டே போங்கள். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் பொத்தென்று மாறும்.

அடுத்தது கோட்டம் பார்ப்பது. இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். நீட்சி இல்லாத மெல்லிய நூல் இரண்டும், ஒட்டும் டேப்பும், டேப் அளவுகோலும் போதும். விளிம்பின் சுற்றளவை அளந்து நான்காகப் பிரித்துக் குறியுங்கள். எதிரெதிர் குறிகளுக்கு இடையே நூலை விறைப்பாகக் கட்டினால் இரண்டு நூலும் நடுவில் ஒன்றையொன்று பட்டும் படாமலும் தொட வேண்டும். இடைவெளி இருந்தால், ஒரு நூலின் முனைகள் மற்றதைவிட அந்த அளவுக்கு உயர்ந்திருக்கின்றன என்று பொருள். கோணிய சைக்கிள் ரிம்மைப் போல டிஷ்ஷின் விளிம்பு நெளிந்திருக்கிறது. தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதாலேயே நேர் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது: மேல் நூல் கீழ் நூலை அழுத்திக்கொண்டிருந்தால் கோணல் தெரியாது. மேல் நூலைக் கீழாகவும் கீழ் நூலை மேலாகவும் மாற்றிக் கட்டி இன்னொரு முறை பாருங்கள். பிறகு குறிகளை எட்டில் ஒரு பங்கு நகர்த்தி மறுபடி ஒரு முறை. 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி பொருட்டில்லை. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

காரணம் பல நேரம் டிஷ்ஷில் இருக்காது, பின்னால் உள்ள மவுண்ட் வளையத்தில் இருக்கும். வளையம் முறுக்கியிருக்கும், போல்ட்டை இறுக்கியவர் டிஷ்ஷையும் சேர்த்து அந்த முறுக்குக்கு இழுத்துவிட்டிருப்பார். விற்பவர் அனுமதித்தால் மவுண்ட் போல்ட்களைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு நூலைத் திரும்பப் பாருங்கள். நேராகிவிட்டால் வாங்கலாம், திரும்பப் பூட்டும்போது இடைவெளி விழும் போல்ட்களில் வாஷர் கொடுத்தால் சரியாகிவிடும். துண்டு துண்டாகக் கழலும் டிஷ் என்றால், எல்லா இதழ் போல்ட்களையும் தளர்த்தி, டிஷ்ஷை வானம் பார்க்க வைத்து, நூலைப் பார்த்துக்கொண்டே எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினால் பெரும்பாலான கோணல் போய்விடும். ஒரே வார்ப்பாக உள்ள ஃபைபர் டிஷ்ஷே நெளிந்துவிட்டதென்றால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

நூல் கட்டியிருக்கும்போதே ஆழத்தையும் அளந்துவிடுங்கள். குவிய தூரம் என்பது விட்டத்தின் வர்க்கத்தை 16 மடங்கு ஆழத்தால் வகுத்தால் கிடைப்பது. விட்டம் 240 சென்டிமீட்டர், ஆழம் 40 என்றால் 57600-ஐ 640-ஆல் வகுக்க 90 சென்டிமீட்டர். ஆழத்தை ஒரு சென்டிமீட்டர் தப்பாக அளந்தால் குவியம் 2 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும், ஆகவே மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் தட்டையான தகடு இருக்கும் டிஷ்களில் நடு ஆழம் நம்பத்தக்கதல்ல. அதற்கு ஒரு வழி உண்டு: மையத்துக்கும் விளிம்புக்கும் சரிபாதியில் நூலிலிருந்து பரப்பு வரை அளந்தால், சரியான பரவளையத்தில் அது நடு ஆழத்தின் முக்கால் பங்காக இருக்கும். 40 சென்டிமீட்டர் ஆழ டிஷ்ஷில் அங்கே 30 வர வேண்டும். நூல்களின் நான்கு பக்கமும் இப்படி அளந்து பாருங்கள். நான்கும் 30-ஐ ஒட்டி வந்தால் பரப்பு நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் 28, இன்னொரு பக்கம் 31 என்றால் யாரோ ஏறி மிதித்திருக்கிறார்கள், அல்லது மரக்கிளை விழுந்திருக்கிறது. (இந்தக் கணக்கு ஃபீட் நடுவில் வரும் டிஷ்களுக்கு மட்டும். ஃபீட் நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்கும் ஆஃப்செட் டிஷ்ஷில் விளிம்பு நூல் சோதனை செய்யலாம், முக்கால் பங்குக் கணக்கு ஓடாது.)

கை அகலத்துக்கு ஒரு சொட்டை இருப்பதைப் பார்த்து ஓடிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் சொட்டை 8 அடி டிஷ்ஷின் பரப்பில் அரை விழுக்காடுகூட வராது; சிக்னலில் தெரியாது. விலை குறைக்கச் சொல்ல நல்ல சாக்கு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாமல் பரப்பு முழுக்கப் பரவிய பிழைதான் அடிக்கும். சராசரிப் பிழை 2 மில்லிமீட்டர் என்றால் 4 ஜிகாஹெர்ட்ஸில் அரை டெசிபெல் இழப்பு, 5 மில்லிமீட்டர் என்றால் 3 டெசிபெல், அதாவது வந்த சிக்னலில் பாதி போச்சு. அதே 2 மில்லிமீட்டர் 12 ஜிகாஹெர்ட்ஸில் 4 டெசிபெல்லுக்கு மேல் தின்னும். மெஷ் டிஷ்ஷில் கேயூ பேண்டும் பார்க்கலாம் என்று விற்பவர் சொல்வதை இதோடு சேர்த்துக் கேளுங்கள். மாறாக, 1420 மெகாஹெர்ட்ஸ் ஹைட்ரஜன் கதிர்வீச்சைக் கேட்கும் ரேடியோ வானியலுக்குத்தான் டிஷ் என்றால் 5 மில்லிமீட்டர் பிழையும் அரை டெசிபெல்லைத் தாண்டாது. சி பேண்டுக்கு ஆகாதென்று ஒதுக்கியது அங்கே நன்றாகவே ஓடும்.

மவுண்ட் இரண்டு வகை. ஒரே செயற்கைக்கோளை நோக்கி நிறுத்துவது ஒன்று. ஒரே அச்சில் திரும்பி வரிசை முழுவதையும் தொடும் போலார் மவுண்ட் இன்னொன்று. போலார் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அச்சின் புஷ்ஷும் போல்ட்டும் தேய்ந்திருக்கிறதா என்று விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 8 அடி விளிம்பில் 2 சென்டிமீட்டர் ஆட்டம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. கற்றையே 2 டிகிரிதான். போலார் மவுண்ட்டில் அச்சை உங்கள் அட்சரேகைக்கு ஏற்பச் சாய்த்து, அதற்கு மேல் டெக்ளினேஷன் என்ற சிறு கோணத்தையும் கொடுக்க வேண்டும்: 10 டிகிரி அட்சரேகையில் சுமார் 1.8, 40 டிகிரியில் சுமார் 6.3. சில மவுண்ட்களில் இது மாற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருக்கும். பக்கத்து ஊர் டிஷ் என்றால் கவலையில்லை, தொலைவிலிருந்து வருவதென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளும் கை, அதாவது ஆக்சுவேட்டர், பெரும்பாலும் 36 வோல்ட் டிசி. உள்ளே நீர் இறங்கித் துருப்பிடித்திருப்பது சகஜம். அது ஓடாவிட்டாலும் டிஷ்ஷை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, புதிது கிடைக்கும். சிறு டிஷ்களுக்கான டைசெக் மோட்டாரை இதற்குப் பயன்படுத்த நினைக்காதீர்கள்; அவை 1 மீட்டர் சொச்சத்துக்கு மேல் தாங்காது.

மவுண்ட்டின் கழுத்து எந்தக் குழாய் மேல் உட்கார்கிறது என்பதையும் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 3 இஞ்ச் குழாய் என்று கடையில் தருவதன் வெளி விட்டம் 88.9 மில்லிமீட்டர், மூன்றரை இஞ்ச். இந்தக் குழப்பத்தில் தவறான குழாயை கான்கிரீட்டில் நட்டவர்கள் உண்டு.

கழற்றும் நாளில் பெரிய ஆபத்து ஆக்சுவேட்டரால்தான். டிஷ் அச்சில் சாய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்தியிருப்பது அந்தக் கைதான். கயிறு கட்டி டிஷ்ஷை நிறுத்தாமல் அதன் போல்ட்டை உருவினால் டிஷ் ஒரே வீச்சில் கீழே சாயும், நடுவில் நிற்பவருக்கு எலும்பு மிஞ்சாது. முதல் நாளே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அசையாத போல்ட்டோடு மல்லுக்கட்டினால் கோணுவது இதழ்தான். கிரைண்டரில் அறுத்துவிட்டுப் புதுப் போல்ட் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு இதழுக்கும் பின்பக்கம் எண் எழுதிப் படம் எடுங்கள், இதழ்கள் பழைய வரிசையிலேயே சேர்ந்தால்தான் ஓட்டைகள் பொருந்தும். ஃபீட்டைத் தாங்கும் கால்கள், நடுத்தகடு, அச்சுப் போல்ட் இந்த மூன்றும் தொலைந்தால் தனியாகக் கிடைக்காது. வண்டியில் இதழ்களை அட்டை வைத்துக் குத்தாக நிறுத்துங்கள். படுக்கவைத்து மேலே மவுண்ட்டை ஏற்றாதீர்கள்.

நிறுத்தும்போது காற்றைக் கணக்கில் வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று 8 அடி டிஷ்ஷை நேராக அடித்தால் ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். வேகம் இரு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. மெஷ்ஷில் காற்று புகுந்து போகும் என்பதை நம்பிக் குழியைச் சிறிதாக்க வேண்டாம். 60 சென்டிமீட்டர் சதுரம், ஒரு மீட்டர் ஆழம் என்பது கெட்டியான மண்ணில் நல்ல தொடக்கம். அதில் போகும் கான்கிரீட்டே 850 கிலோவுக்கு மேல். தளர்ந்த மண் என்றால் இன்னும் ஆழமாகவும் அகலமாகவும் வேண்டும். மொட்டை மாடி என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் துளை போடாதீர்கள். குழாயின் அடியில் ஒரு கம்பியைக் குறுக்கே பற்றவைத்தால் கான்கிரீட்டுக்குள் சுழலாது. ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துக் குழாயைத் தூக்காக நிறுத்துங்கள். போலார் மவுண்ட்டில் குழாய் அரை டிகிரி சாய்ந்தாலும் வரிசையின் ஒரு முனையில் சிக்னல் விழுந்துவிடும். ஒரு வாரமாவது ஆறவிட்டுத்தான் டிஷ்ஷை ஏற்ற வேண்டும்.

பெயிண்ட் அடிப்பதானால் மங்கலான, மெல்லிய பூச்சு மட்டும். பளபளக்கும் டிஷ்ஷுக்கு நேராகச் சூரியன் வரும் நாள்களில் எல்என்பியின் மூடி உருகிப்போகலாம்.

எல்என்பிக்கு 5150 மெகாஹெர்ட்ஸ் லோக்கல் ஆஸிலேட்டர் என்று ரிசீவரில் கொடுங்கள். ஃபீட்டைச் சுற்றியுள்ள ஸ்கேலர் ரிங்கை டிஷ்ஷின் குவிய தூரம் வகுத்தல் விட்டம் என்ற எண்ணில் நிறுத்துங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 90-ஐ 240-ஆல் வகுக்க 0.375, எல்என்பியின் பக்கத்தில் உள்ள 0.38 கோடு போதும். குவியப் புள்ளி ஃபீட்டின் வாய்க்குச் சுமார் 6 மில்லிமீட்டர் உள்ளே விழ வேண்டும். வாயின் விளிம்பிலிருந்து டிஷ் விளிம்புக்கு நான்கு பக்கமும் அளந்தால் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். வட்டத் துருவமுள்ள (அலை சுழன்றுகொண்டே வரும்) சிக்னல் என்றால் ஃபீட்டுக்குள் டெஃப்லான் தகடு ஒன்று, உள்ளே தெரியும் கம்பிகளுக்கு 45 டிகிரியில். ரிசீவரில் ஸ்ட்ரெங்த் பட்டையைப் பார்க்காதீர்கள், வெறும் எல்என்பியின் இரைச்சலே அதைப் பாதிவரை ஏற்றிவிடும். பலமான டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளிலிருந்து சேனல்களை அனுப்பும் கருவி) ஒன்றின் அலைவரிசையையும் சிம்பல் ரேட்டையும் கொடுத்து குவாலிட்டி எண் வரும்வரை டிஷ்ஷைத் தேடுங்கள். எண் வந்ததும் பலவீனமான ஒன்றுக்கு மாற்றிக்கொண்டு, எல்என்பியை 5 மில்லிமீட்டர் வீதம் முன்னும் பின்னும் நகர்த்தி, பிறகு சிறிது சிறிதாகச் சுழற்றி, எண் உச்சத்துக்கு வரும் இடத்தில் திருகை முறுக்கிவிடுங்கள்.