மீனத்துக்கு வந்த சனியும் தண்ணீர்மலைப் படிகளும்

எங்கள் பூஜை அறையில் விபூதித் தட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பாய்மரப் படகுப் படம் போட்ட நீல நிற ஒரு வெள்ளி நோட்டு. வெள்ளி என்றால் எங்கள் ஊர்ப் பணம், இப்போதைய ரிங்கிட். அப்பா வைத்துவிட்டுப் போனது. சிறுவயதில் அதைத் தொட்டாலே அதட்டுவார். "செலவு பண்ணுறதுக்கு இல்ல, மறக்காம இருக்கிறதுக்கு" என்பார்.

போன புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை, 2025 அக்டோபர் 11, நானும் மகளும் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி பினாங்குத் தீவுக்குப் போனபோது அந்த டின்னையும் பையில் எடுத்துக்கொண்டேன். மாரியம்மன் பாதத்தில் ஒருமுறை வைத்து எடுக்க வேண்டும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

மகளுக்காகத்தான் இந்தப் பயணம். அவள் பிறந்தது 1997 நவம்பரில். ஜாதகத்தில் சனி மீனத்தில். ராசிச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவர சனிக்கு ஏறக்குறைய 29½ வருடம் ஆகும், ராசிக்கு இரண்டரை வருடம். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி திரும்பவும் மீனத்துக்கு வந்துவிட்டார். அதாவது, அவள் பிறந்தபோது இருந்த வீட்டுக்கே. பழைய கணிப்பு முறையைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் இதை ஒப்பவில்லை. திருநள்ளாற்றில் 2026 மார்ச் 6 என்றுதான் அறிவித்தார்கள். எங்கள் பக்கத்துக் கோயிலில் திருக்கணிதம்தான், அதனால் மார்ச் 29 அன்றே ஹோமம் செய்தார்கள்.

பெயர்ச்சி முடிந்து நான்காம் நாள், ஏப்ரல் 2, அமெரிக்கா உலக நாடுகளின் சரக்கு மீது வரி அறிவித்தது. மலேசியாவுக்கு 24 விழுக்காடு. ஆகஸ்டில் அதை 19 ஆக்கினார்கள். சிப்புகளுக்கு விலக்கு என்றுதான் சொன்னார்கள். ஆனால் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பிள்ளைக்கு விலக்கு எத்தனை நாளைக்கு என்ற பயம் போகுமா? அவள் பிரிவில் ஓவர்டைம் நின்றது. புதிதாக ஆள் எடுப்பதும் நின்றது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் புரட்டாசி விரதத்தோடு இந்த நேர்த்தியையும் சேர்த்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிப் படகு. கார் ஏற்றும் பழைய பெரிய பெர்ரிகள் 2020 முடிவோடு போய்விட்டன. இப்போது ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும் ஏறும் சின்னப் படகுகள். பக்கத்து இருக்கைகளில் எல்லாம் முந்தின நாள் வாசித்த பட்ஜெட் பேச்சு. அப்புறம் அடையாள அட்டையான மைகார்டைக் காட்டி 1 வெள்ளி 99 காசுக்கு பெட்ரோல் போடும் புது முறை பற்றிய பேச்சு. அது தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எண்ணெய் சனியின் பொருள். மலேசியாவில் இந்த இரண்டு வருடமாக எண்ணெய் மானியத்தைப் பற்றிப் பேசாத நாள் உண்டா என்று நினைத்துக்கொண்டே கடலைப் பார்த்தேன்.

குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் அபிஷேகம் முடிந்து அலங்காரத் திரை விலகும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். 1833-ல் எழுந்த கோயில். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் சுற்றிக் கடை வைத்தவர்களும் கும்பிட்ட அம்மன். என் அப்பாவும் அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்தான். சம்பள நாளில் இந்த வாசலில் சூடம் ஏற்றிவிட்டுத்தான் பெர்ரி ஏறுவார். டின்னைத் திறந்து நோட்டைக் குருக்களிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பழைய காசு இல்லையா அம்மா, உண்டியலுக்கா?" "இல்லீங்க சாமி, அம்மா பாதத்துல வச்சுட்டுத் திருப்பிக் குடுங்க." ஒன்றும் கேட்காமல் வைத்து, குங்குமம் ஒட்டிய நோட்டைத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்து கோயில் திண்ணை ஓரம் உட்கார்ந்தபோதுதான் மகளுக்கு அந்த நோட்டின் கதையை முழுதாகச் சொன்னேன்.

1967 ஜூன் 12 அன்று மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா புது நோட்டு வெளியிட்டது. பழைய நோட்டும் கூடவே செல்லும், ஒன்றுக்கு ஒன்று சமம். அதனால் ஏழைகள் யாரும் அவசரப்படவில்லை. நவம்பர் 18 அன்று பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. பழைய நோட்டு பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே விழுந்தது. புது நோட்டு விழவில்லை. ஒரே இரவில் பழைய வெள்ளி 85 காசு ஆகிவிட்டது. பேங்கில் போட்டு வைத்தவனைவிட, டின்னில் போட்டு வைத்தவனுக்குத்தான் அடி. நவம்பர் 24 அன்று தொழிலாளர் கட்சி அறிவித்த ஹர்த்தால் பினாங்கில் கலவரமாகி, ஊரடங்கு வரை போனது. அத்தை கல்யாணத்துக்கு அப்பா சேர்த்து வைத்திருந்தது இருநூறு வெள்ளி. அதில் முப்பது போனது. மிச்சத்தை மாற்றிவிட்டு, ஒரே ஒரு நோட்டை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு சனி எங்கே? மீனத்தில்.

இன்னும் ஒரு சுற்று பின்னால் போனால் 1938. அப்பாவின் அப்பா 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அடுத்த வருடம் தம்பியையும் வரவழைப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். ரப்பர் விலை சரிந்து, தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். அதன் பேரில் 1938 ஜூனில் இந்திய அரசு உதவி பெற்றுப் போகும் கூலிகளின் பயணத்தையே நிறுத்திவிட்டது. தம்பி அக்கரையிலேயே நின்றுவிட்டார். தாத்தா சாகும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதும் சனி மீனத்தில்.

அப்புறம் 1997. ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் பணமான பாத்தின் கட்டு மதிப்பைக் கைவிட, ஒரு அமெரிக்க டாலருக்கு 2.50 பக்கம் இருந்த ரிங்கிட் சரிந்துகொண்டே போய் 1998 ஜனவரி 7 அன்று 4.88 வரை போனது. மகளுக்கு அப்போது இரண்டு மாதம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆட்குறைப்புப் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. பால் மாவு டின் ஒன்று வாங்க ஒரு மோதிரம் அடகுக்கடைக்குப் போன நாள் அது. அந்த ஆட்குறைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மேல் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. பிரசவமான வீடு என்று தெரிந்தும் ஒரு மாதம் தள்ளிப் போட யாருக்கும் தோன்றவில்லை. 1998 ஏப்ரலில் சனி மேஷத்துக்குப் போனார். செப்டம்பரில் ரிங்கிட்டை 3.80-ல் நிறுத்தினார்கள்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள். "ம்மா, எந்த வருஷத்த எடுத்தாலும் ஏதாவது ஒரு கஷ்டம் இருக்கும்தானே? 2008-ல சனி எங்க இருந்தாரு?"

சிம்மத்தில். 1969 மே 13 கலவரத்தின்போது மேஷத்தில், நீசமாக. 2020 மார்ச் 18 அன்று நாட்டையே பூட்டியபோது திருக்கணிதப்படி மகரத்தில், சொந்த வீட்டில். அவள் கேட்டது நியாயமான கேள்வி. சனி மீனத்துக்கு வந்தால் பணம் விழும் என்று சூத்திரம் போட்டு விற்கிறவர்களைக் கண்டால் எனக்கும் ஆகாது. இந்த முறை ரிங்கிட் விழவே இல்லை. வருடத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 4.40க்கு மேல் இருந்தது, அன்றைக்கு 4.20 பக்கம் வந்து மதிப்பு ஏறியிருந்தது. பெனாங் ஸ்திரீட்டில் பணம் மாற்றும் பாயிடம் கேட்டேன். "இப்ப பரவால்ல தங்கச்சி. 97-லதான் காலையில ஒரு வெல, மதியம் லொஹர் தொழுதுட்டு வந்தா இன்னொரு வெல. போர்டுல எழுதி எழுதி அழிச்சோம்" என்றார்.

நான் மகளுக்குச் சொன்னது வேறு. ராசிச் சக்கரத்தையே உடலாகக் கொண்ட காலபுருஷனுக்கு மீனம் பன்னிரண்டாம் வீடு. விரயம், அயல்தேசம், கடல் கடந்த காரியம் எல்லாம் அங்கேதான். சனி உழைப்பாளிகளின் கிரகம், கடைசி வரிசையில் நிற்பவர்களின் கிரகம். அவர் அந்த வீட்டுக்கு வரும்போது கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ எடுக்கும் முடிவு இந்தப் பக்கம் கூலிக்காரன் வீட்டு அடுப்பைத் தொடுகிறது. டெல்லியில் எடுத்தது தாத்தாவைத் தொட்டது. லண்டனில் எடுத்தது அப்பாவின் டின்னைத் தொட்டது. பாங்காக்கில் தொடங்கியது எங்களைத் தொட்டது. இப்போது வாஷிங்டன். நான்கு சுற்று, நான்கு தலைமுறை, ஒரே குடும்பம். இதை நான் வெறும் தற்செயல் என்று தள்ள மாட்டேன். எங்கள் வீட்டுக்குக் காட்டப்பட்ட கணக்கு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு ஒன்பதே நாள். லிட்டில் இந்தியாவில் நடக்க இடமில்லை. முறுக்கு அச்சு, பஞ்சாபி உடை, மல்லிகைச் சரம், ஒலிபெருக்கி. நகைக்கடைகளில் மட்டும் உள்ளே போகிறவர்களைவிடக் கண்ணாடிக்கு வெளியே நின்று விலைப் பலகையைப் படிக்கிறவர்கள் அதிகம். மூன்று நாள் முன்புதான் தங்கம் அவுன்ஸுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. தங்கத்துக்குக் காரகன் குரு. அக்டோபர் 18 அன்று அவர் அதிசாரமாக, அதாவது வழக்கமான காலத்துக்கு முன்பே, தன் உச்ச வீடான கடகத்துக்குள் போனார். 20 அன்று, தீபாவளி நாளில், தங்கம் அதுவரை காணாத விலையைத் தொட்டு, மறுநாளே சறுக்கியது. ஜோதிடம் பார்க்கிற எனக்கு மெய்சிலிர்க்கத்தான் செய்தது. ஆனால் தங்கம் ஏறத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

பினாங்கில் முருகன் மலைக்கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு வந்து சேர்ந்தபோது பத்தரை. வழியில் 1857-ல் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். உள்ளே நுழைந்ததும் மரத் தூண்களின் குளிர்ச்சி. கடல் கடந்து வந்து கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் முருகனைக் கும்பிட்டுத்தான் கணக்கு எழுதினார்கள். வாயிலில் நின்று மகள் பேரில் ஒரு அர்ச்சனை.

மலைக்கோயிலுக்கு 513 படி. லேசான தூறல். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. அம்பது படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினேன். ஏறும்போது மனதுக்குள் கோளறு பதிகம். நாளும் கோளும் சரியில்லை, மதுரைக்குப் போக வேண்டாம் என்று திருநாவுக்கரசர் தடுத்தபோது, சிறுபிள்ளையான சம்பந்தர் திருமறைக்காட்டில் பாடியது. அப்பர் கிரகங்களைப் பொய் என்று சொல்லவில்லை. சம்பந்தரும் சொல்லவில்லை. இறைவன் உள்ளத்தில் இருக்கும்போது அவை அடியாருக்கு நல்லவையாகவே நிற்கும் என்றுதான் பாடினார். பாடிவிட்டு, மதுரைக்குப் போகவும் செய்தார். முந்நூறாவது படி பக்கத்தில் மகள் கீழே இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். 2012-ல் குடமுழுக்கு கண்ட மேல் கோயிலில் முருகன் சந்நிதிக்கு முன்னால் இரண்டு பேரும் நனைந்த தலையோடு நின்றோம். கண்ணை மூடினால் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அழுகை மட்டும் வந்தது. வெளியே வந்தபோது மேகம் விலகி, கீழே நகரமும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன.

சாயங்காலம் திரும்பி வந்து எங்கள் பக்கத்துக் கோயிலில் நவக்கிரக சந்நிதி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒன்பது பேரும் நிற்க, நடுவில் சூரியன். எள் தீபம் ஏற்ற நீண்ட வரிசை. எனக்கு முன்னால் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், அவருக்கு முன்னால் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, பின்னால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பையன் ஒருவன், கையில் கறுப்புத் துணி. கேட்டால் அண்ணன் சொன்னார், "டீசல் 2.15-லிருந்து 3.35 ஆனதுலருந்து வாரம் தவறாம வரேன்மா." அது 2024 ஜூன் 10-ல் ஆனது. அப்போது சனி கும்பத்தில் அல்லவா என்று நான் திருத்தவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே நாட்டின் பொருளாதாரம் தெரியும். எல்லாரும் தினக்கூலி, ஷிப்ட், ஒப்பந்தம். சனி இவர்களைச் சோதிக்க வருகிறார் என்று நான் நினைப்பதில்லை. இவர்கள் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

முப்பது வருடம் வாழ்ந்தவரும் இல்லை, முப்பது வருடம் தாழ்ந்தவரும் இல்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். அது சனியின் சுற்றை வைத்துச் சொன்னது என்பது எனக்கே பின்னால்தான் புரிந்தது.

ஒன்பது சுற்று முடித்து கொடிமரத்தடியில் உட்கார்ந்தபோது மகள் போனில் எதையோ கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, அடுத்து மீனத்துக்கு எப்ப வருவாரு?"

"2054 வாக்குல."

"எனக்கு அம்பத்தேழு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் என் பையிலிருந்து டின்னை எடுத்து, குங்குமம் ஒட்டிய அந்த நோட்டை விரித்துப் பார்த்தாள். தன் பர்ஸிலிருந்து புது ஒரு ரிங்கிட் நோட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து மடித்து மூடினாள். டின்னை என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, சாதம் குடுக்கிறாங்க" என்று எழுந்தாள்.