ஹெப்ரிடீஸ் நார்ஸுக்கு ஓர் இலக்கணம்

1266-இல் பெர்த் உடன்படிக்கையின்படி நார்வே ஹெப்ரிடீஸ் தீவுகளை ஸ்காட்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது. வைக்கிங்குகள் அங்கே பேசிய நார்ஸ் பின்னர் மறைந்துபோனது; ஊர்ப் பெயர்களில் அதன் தடம் இன்னும் இருக்கிறது. அது ஸ்காட்லாந்தின் கெல்டிக் மொழியான கேலிக்கோடு கலந்து பிழைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்த மொழியைத்தான் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன்.

கேலிக்கைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் தலையில் வரும். உடைமையைச் சொல்லத் தனி வினை கிடையாது. 'இருக்கிறது படகு என்னிடம்' என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது முதலெழுத்து மாற்றம். நார்ஸில் படகு 'பாட்ர்'. அதற்கு முன்னால் 'என்' வந்தால் முதல் ஒலி மெலிந்து 'வாட்ர்' ஆகிவிடும். சொல்லிப் பார்க்கவே இனிக்கிறது. ஆனால் பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டும் நார்ஸ் சுட்டை (ஆங்கில 'the' மாதிரி) விடவே மாட்டேன். அது போனால் நார்ஸ் முகமே போய்விடும். அப்புறம் வேற்றுமைகள்: நார்ஸின் நான்கில் கொடை வேற்றுமையை (நம் 'கு' உருபு மாதிரி) எப்படியும் காப்பாற்றிவிடுவேன்.