இணையம் இருந்தும் சேர்வருக்குள் போக முடியாத நான்கு நாட்கள்

ஆறாம் திகதி இரவு கொழும்பிலிருந்து எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் கணக்காளர் அக்கா அழைத்தார். "தம்பி, தொழிற்சாலை சேர்வருக்குள் போக முடியவில்லை. 10ஆம் திகதி சம்பளம். செக்ரோல் முழுவதும் அதற்குள்தானே இருக்கிறது?" செக்ரோல் என்றால் தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு.

முந்திய நாள் இடி விழுந்து ரவுட்டர் கருகியிருந்தது. சேவை நிறுவனத்தார் புதியதைப் பொருத்தியபோது, பழையதில் இருந்ததுபோலவே 3389ஆம் போர்ட்டை (தூரத்திலிருந்து சேர்வரின் திரையைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டொப்பின் வாசல் எண்) சேர்வருக்குத் திருப்பிவிடும்படி தொலைபேசியில் சொல்லிச் செய்துகொண்டேன். ஆகவே கோளாறு சேர்வரில்தான் என்று முடிவுகட்டி, விடிந்ததும் ஹட்டனில் தலவாக்கலை பஸ் ஏறினேன்.

சேர்வரிலும் ஒரு கோளாறு இருக்கத்தான் செய்தது. பக்கத்துக் கணினியிலிருந்து, இருக்கிறாயா என்று கேட்கும் 'பிங்' கொடுத்தால் பதில் வருகிறது, 3389ஐத் தட்டினால் திறக்கவில்லை. ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதை முன்பின் தெரியாத வலையமைப்பாக எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' வகையில் போட்டுவிட்டது. வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் எங்கள் ஃபயர்வோலில் ரிமோட் டெஸ்க்டொப் 'பிரைவேட்' வகைக்கு மட்டுமே திறந்திருந்தது. வகையை மாற்றியதும் பக்கத்துக் கணினி உடனே இணைந்தது. நிம்மதியோடு பஸ் ஏறினேன்.

ஹட்டன் வருவதற்குள் அக்காவின் அழைப்பு. இன்னும் போக முடியவில்லை.

தயவுசெய்து இந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். புறப்படும் முன் கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஒருமுறை இணைந்து பாருங்கள். வெளியிலிருந்து இணைப்பு வராது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அன்று மாலை, ரவுட்டரின் நிலைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி தொழிற்சாலை ஒஃபிஸில் இருந்த பையனிடம் கேட்டேன். வெளிமுகவரி 100.72 என்று தொடங்கியது. அதே கணினியில், நம் ஐபி முகவரியைக் காட்டும் இணையத்தளம் வேறொரு எண்ணைக் காட்டியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைக்கும்போது உள்ளே பங்கிட்டுக் கொடுக்கும் முகவரிகள். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருவது நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும், நம் ரவுட்டர் வரை வராது. அங்கே எந்தப் போர்ட்டைத் திறந்துவைத்தாலும் பயனில்லை. பழைய இணைப்பில் எங்களுக்கென்று ஒரு பொதுமுகவரி இருந்தது. ரவுட்டரோடு அதையும் மாற்றிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருந்தார்கள்.

எட்டாம் திகதி அந்த இரண்டு முகவரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஹட்டன் சேவை நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் என் தாளைப் பார்க்கவே இல்லை. "இணையம் வேலை செய்கிறதா? அப்படியென்றால் எங்கள் பக்கம் கோளாறு இல்லை." மூன்று முறை விளக்கினேன், மூன்று முறையும் அதே பதில். நிலையான ஐபி, அதாவது எங்களுக்கென்று மாறாத ஒரு பொதுமுகவரி, வேண்டும் என்று கேட்ட பிறகே, வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதியும் முத்திரையிட்ட கடிதமும் வேண்டும் என்றார். முத்திரை தொழிற்சாலையில் இருக்கிறது. மறுபடியும் தலவாக்கலை, துரையின் (தோட்ட முகாமையாளரின்) கையெழுத்து, மறுபடியும் ஹட்டன். மூடுவதற்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தேன். அடுத்த மேசையில் இருந்த பெண் அதிகாரி, நான் தாளில் எழுதியிருந்த இரண்டு முகவரிகளையும் ஒருமுறை பார்த்தார். "இது எங்கள் பக்கம்தான், சேர். நாளைக்குள் மாற்றித் தருகிறோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

ஒன்பதாம் திகதி நிலையான முகவரி வந்தது. மாதக் கட்டணம் கூடியிருக்கிறது, பரவாயில்லை.

3389ஐ மறுபடி வெளியே திறக்கும் முன் சேர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். பழைய ரவுட்டர் இருந்த நாட்களில், 4625 என்ற எண்ணோடு, தோற்றுப்போன உள்நுழைவு முயற்சிகள் பக்கம் பக்கமாக. அதிகாலை மூன்று மணிக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'டெஸ்ட்', 'ஸ்கேனர்' என்று யார் யாரோ நொடிக்கொரு பெயரில் கதவைத் தட்டியிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தப் போர்ட்டை ரவுட்டரில் மூடிவிட்டு, வயர்கார்ட் விபிஎன் (சாவி உள்ளவர்கள் மட்டும் வரக்கூடிய பூட்டிய தனிவழி) வழியாக மட்டுமே உள்ளே வரும்படி மாற்றினேன். அக்காவின் கணினியில் அதை நிறுவப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரவு ஒன்பதரைக்கு அவர் மறுபடி அழைத்தார். "தம்பி, கொழுந்து நிறை எல்லாம் தெரிகிறது. சம்பளப் பட்டியலை எடுக்கிறேன்."