மாமாவின் துவக்கும் மச்சானின் துவக்கும்

காலையில் மாமா விறாந்தையில் இருந்து துவக்கு துடைத்துக்கொண்டிருந்தார். பன்றிக்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் பழைய ஒற்றைக்குழல்.

அந்த நேரம் கனடாவிலிருந்து மச்சான் வீடியோவில் வந்தான். அவனிடம் எஸ்கேஎஸ் என்ற துவக்கு இருக்கிறது. சோவியத் நாட்டில் சிமோனோவ் வடிவமைத்த பாதித் தானியங்கி.

ஒரு ரவை வெடித்ததும் அதன் வாயுவே வெற்றுக்கோதைத் தள்ளி அடுத்ததை ஏற்றிவிடுமாம். ரவை அடுக்கும் மகசீன் துவக்கின் உடலோடேயே இருக்கும், மேலிருந்துதான் ரவை நிரப்ப வேண்டும். பத்து கொள்ளும், ஆனால் அங்கே சட்டம் ஐந்துதான் விடும். மகசீனைக் கழற்றி மாட்டும் எம்-14 துவக்கு வகைகளை 2020 மே மாதம் தடை செய்துவிட்டார்கள்.

பெட்டியிலிருந்து எடுத்த புதிதில், ரவையைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியில் ஒட்டியிருக்கும் கிறீஸை முழுதாகக் கழுவ வேண்டுமாம். ஊசி இறுகினால் விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும்.

மாமாவின் கை நின்றது.

"உள்ளுக்கு ஒண்டும் இல்லையெண்டு எப்பிடி மோனே பாக்கிறது?"

"பூட்டைப் பின்னுக்கு இழுத்து, விரலும் விட்டுப் பாப்பன் அப்பா."

மாமா தன்னுடையதை மடித்து, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். மறுமுனையில் முற்றத்து வேம்பு, ஒரு சதம் அளவு வட்டமாக, பச்சையாகத் தெரிந்தது.

2009இல் யுத்தம் முடிந்து இத்தனை வருடம். இப்போதும் இரவில் வயல் பக்கம் வெடி கேட்டால் அம்மா பாயில் எழும்பி உட்காருவா. பன்றிக்குத்தான் என்று நாங்கள் சொன்ன பிறகே படுப்பா.

வேகம், எண்ணிக்கை எல்லாம் சரி. எனக்கு அந்தப் பச்சை வட்டம்தான் பிடித்தது.

மாமா தோட்டாப் பெட்டியை வேறாகப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.