சிக் வெப் டிரம் வாசிக்கிறார்: எண்ணெய் வண்ணப் படம், வேலைக் குறிப்பு

பிப்ரவரி 11
கேன்வாஸ் 60×75 செ.மீ., நெடுக்குவாட்டில். ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாள். மேலே டர்பண்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), துணியால் ஒற்றி எடுத்தது.

பிப்ரவரி 13
கோட்டுப்படம். வெப் அமெரிக்க ஜாஸ் டிரம் கலைஞர், இசைக்குழுத் தலைவர், பால்டிமோர்க்காரர். சின்ன வயதிலேயே முதுகெலும்பில் காசநோய். உயரம் நாலடி சொச்சம்தான். அவருடைய பேஸ் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) 28 அங்குலம், அதாவது ஆளில் பாதிக்கு மேல். படத்தின் உயிரே இந்த அளவில் இருக்கிறது. டிரம்மைச் சுருக்கினால் ஆள் சாதாரணமாகிவிடுவார். முதுகுக் கூனை நிழலில் மறைப்பதும் தப்பு, முகத்தில் சோகம் ஏற்றுவதும் தப்பு. நியூயார்க், ஹார்லெமின் சவாய் நடனக்கூடத்தில் 1937 மே 11 இரவு பென்னி குட்மனின் ஜாஸ் குழுவோடு இசைப்போட்டியில் மோதி ஜெயித்தவர் இவர். எதிரே டிரம்மில் புகழ்பெற்ற ஜீன் க்ருப்பா! அந்த முகம்தான் வேண்டும்.

பிப்ரவரி 20
தோல் நிறம். கறுப்பு ட்யூபைத் தொடவேண்டாம், சாம்பல் பூத்துவிடும். பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) இரண்டு பங்கு, அல்ட்ராமரைன் (அடர் நீலம்) ஒரு பங்கு. வெளிச்சம் விழும் இடத்தில் எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்). நெற்றி வியர்வையின் மினுக்கத்துக்கும் வெள்ளையை அப்படியே வைக்கக்கூடாது, துளி நீலம் சேர்த்தால்தான் ஈரம் தெரியும். அவர் போட்டிருக்கும் கோட்டுக்கும் கறுப்பு வேண்டாம், அம்பரும் அல்ட்ராமரைனும். ஐவரி பிளாக் என்கிற கறுப்பு மெதுவாகக் காயும். அதன்மேல் சீக்கிரம் காயும் வண்ணம் ஏறினால் பின்னால் வெடிப்பு விடும்.

பிப்ரவரி 27
சிம்பல் (டிரம்மோடு இருக்கும் உலோகத் தட்டு). ஓரத்து நீள்வட்டத்தின் இரு முனைகளும் வளைந்துதான் திரும்பவேண்டும்; கூராக முடிந்தால் வாழையிலை மாதிரி ஆகிவிடும். வலக்கைக் குச்சியை ஈரத்திலேயே காய்ந்த பிரஷால் ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பில் புகை போலாகிவிட்டது. கத்தியால் சுரண்டி மறுபடி.

மார்ச் 9
கோட்டின் இடப்பக்கம் மங்கிக் கிடக்கிறது. கீழ்ப்பூச்சு எண்ணெயை உறிஞ்சியதால் வந்தது, நிறக்குறை இல்லை. ஆகவே மேலே வண்ணம் ஏற்றவேண்டாம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெயும் டர்பண்டைனும் சமபங்கு கலந்து மெல்லத் தடவி, பத்து நிமிடத்தில் துடைத்தாயிற்று. ஆழம் திரும்பியது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக்கூடாது, தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவைக்கவேண்டும்.

மேலே பூசும் வார்னிஷ் செப்டம்பரில்.